சித்தாளா, பழகுநரா? தொழிற்கல்விப் பிரிவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பையனின் முதல் வருடம்

திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை போகும் வழியில் உள்ள ஒரு சின்ன ஊர்ப் பையனைப் பற்றியது இது. பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். அவனுடைய அம்மா அப்படிக் கேட்டுக்கொண்டார்.

2023 மார்ச்சில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ தேர்வு எழுதினான். தொழிற்கல்விப் பிரிவு, பாடம் அடிப்படைக் கட்டடப் பொறியியல். அதே வருடம் நவம்பரில் எங்கள் கட்டுமான நிறுவனத்தில் தொழில் பழகுநராக, அதாவது அப்ரெண்டிஸாகச் சேர்ந்தான். இரண்டுக்கும் இடையில் ஏழெட்டு மாதம் போனது. அந்த மாதங்களில் நடந்ததையும் சேர்ந்த பிறகு நடந்ததையும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு யாராவது போன் செய்கிறார்கள்: "சார், தம்பி வொகேஷனல் முடிச்சிருக்கான், எங்கயாவது சைட்ல சேத்துவிடுங்க." சேர்த்துவிடுவது பெரிய காரியம் இல்லை. அவன் என்னவாகச் சேர்கிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளி கொடுத்தது

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்த 1978இலேயே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் எல்லாருமே கல்லூரி வாசலில் போய் நிற்காமல், ஒரு பகுதியினராவது கைத்தொழிலோடு வெளியே வரட்டும் என்பதுதான் நோக்கம். நடைமுறையில் அது "மார்க் குறைஞ்சவனுக்குக் கொடுக்கிற குரூப்" ஆகிவிட்டது. இந்தப் பையனுக்கும் அப்படித்தான் கிடைத்தது. கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு இதில் போட்டார்கள்.

போட்டாலும் அங்கே கற்றது வீண் இல்லை. கருத்தியல், செய்முறை என்று இரண்டு புத்தகம். வரைபடம் போடத் தெரியும், அதைவிட முக்கியமாகப் படிக்கத் தெரியும். மட்டம் பார்க்கும் கருவி வகுப்புக்கே ஒன்றுதான் என்றாலும் அதை நிறுத்தி, குமிழியை நடுவில் கொண்டுவந்து, அளவுகோலைப் படித்திருக்கிறான். செங்கல்லை அடுக்கும் முறைகளான ஆங்கிலப் பிணைப்பு, ஃபிளெமிஷ் பிணைப்பு இரண்டிலும் சுவர் கட்டியிருக்கிறான்.

அந்தச் சுவர்களைப் பற்றி அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் கட்டுவார்கள். சிமென்ட் வாங்கக் காசு கிடையாது, அதனால் களிமண்ணைக் குழைத்துக் கட்டுவார்கள். ஐந்து வரி, ஆறு வரி உயரம் வந்ததும் ஆசிரியர் வந்து தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார். போட்டு முடித்ததும் சுவரைப் பிரித்து, செங்கல்லைக் கழுவி, அடுத்த குழுவுக்கு அடுக்கி வைக்க வேண்டும். இரண்டு வருடத்தில் பதினொரு சுவர் கட்டினானாம். ஒன்றுகூட இப்போது இல்லை.

முதலில் போன இடம்

மே 8ஆம் தேதி முடிவு வந்தது, தேர்ச்சி. ஜூன் தொடக்கத்தில் உறவினர் ஒருவர் ஒரு கான்ட்ராக்டரிடம் கூட்டிப்போனார். "அப்ரெண்டிஸா வெச்சுக்கிறேன், ஒரு வருஷத்துல சூப்பர்வைசர் ஆயிடலாம்" என்றார் அவர். கையெழுத்து, கடிதம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு 400 ரூபாய். பையனுக்கு அப்போது 17 வயது.

இரண்டரை மாதத்தில் அவன் கையில் ஒரு வரைபடத்தைக்கூட யாரும் கொடுக்கவில்லை. எம்-சாண்ட் சலித்தான், செங்கல் சுமந்தான், சென்ட்ரிங் பிரித்த பலகைகளை அடுக்கினான். ஆகஸ்டில் ஒருநாள், பிரித்துப் போட்டிருந்த பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஹவாய் செருப்பு. அந்த இடத்தில் யாருக்கும் பாதுகாப்புக் காலணி கிடையாது. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக் கட்டுப் போட்டார்கள். ஒன்பது நாள் நடக்க முடியவில்லை, ஒன்பது நாளும் சம்பளம் இல்லை. கேட்கப் போன அம்மாவிடம், "உங்க பையன் பேரு எங்க ரிஜிஸ்டர்லயே இல்லீங்களே" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவன் தொழிலாளியும் இல்லை, பழகுநரும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம் என்றால் அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். காகிதத்தில் அந்தப் பையன் அந்த இடத்தில் கால் வைக்கவே இல்லை.

ஒப்பந்தம் என்ற அந்தக் காகிதம்

தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களை அதற்குள் ஒரு தனிப் பிரிவாகக் கொண்டுவந்தது 1986ஆம் வருடத் திருத்தம். இவர்களுக்குப் பயிற்சிக் காலம் ஒரு வருடம். தென் மாநிலங்களில் இதைப் பார்த்துக்கொள்வது சென்னை தரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம். பதிவு எல்லாம் இணையத்திலேயே நடக்கிறது. ஆதார், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, மதிப்பெண் சான்றிதழ் இருந்தால் போதும்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2019இல் வந்த மாற்றம் இது. அதே மாற்றத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையும் திருத்தப்பட்டது. பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவருக்கு அப்போது மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது.

இந்த எண்களை எல்லாம் நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். நம் ஊரில் கட்டட வேலை நடப்பது பெரும்பாலும் எப்படி? ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள். இந்தக் குழு எந்தச் சட்டத்தின் கண்ணிலும் ஒரு "நிறுவனம்" மாதிரி தெரிவதில்லை. ஆனால் தொழில் உண்மையில் கற்றுக்கொடுக்கப்படுவது அங்கேதான். பெரிய நிறுவனத்தில் காகிதம் இருக்கிறது, கற்றுக்கொடுக்க நேரமுள்ள கை குறைவு. மேஸ்திரியிடம் கை இருக்கிறது, காகிதம் இல்லை. பள்ளியை முடித்துவிட்டு வரும் பையன் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுகிறான்.

எங்கள் நிறுவனத்தில் மேஸ்திரி குழுக்களையும் சேர்த்தால் 60 பேருக்கு மேல். சட்டப்படி நாங்கள் பழகுநர்களை எடுத்திருக்க வேண்டும். அதுவரை எடுத்தது பாலிடெக்னிக் பிள்ளைகளை மட்டும். பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்த ஒருவரைக்கூட எடுத்ததில்லை, அப்படி ஒரு பிரிவு இருப்பதையே அலுவலகத்தில் பலர் அறியவில்லை. நானும் சரியாக அறியாமல்தான் இருந்தேன். அந்தப் பையனின் அம்மா எங்கள் தளத்தில் சித்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவன் மதிப்பெண் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து, "சார், இதுக்கு ஏதாவது மதிப்பு இருக்கா, இல்ல தூக்கிப் போட்டுரலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

அக்டோபரில் அவனுக்கு 18 முடிந்தது. அதுவரை காத்திருந்தோம். சட்டம் பொதுவாக 14 வயதிலிருந்தே பழகுநராக அனுமதிக்கிறது, ஆபத்தான தொழில்களோடு தொடர்புடைய பிரிவுகளுக்கு மட்டும் 18 என்கிறது. சாரமும் சென்ட்ரிங்கும் உள்ள இடத்தில் 18 ஆகாத பிள்ளையை விடுவதில்லை என்பது எங்கள் முடிவு.

வீட்டில் ஒரு தயக்கம் இருந்தது, அது நியாயமான தயக்கம். 400 ரூபாய் வீதம் 25 நாள் போனால் மாதம் 10,000. இங்கே 7,000. "மூவாயிரம் கம்மியா வாங்கிக்கிட்டு என்ன சார் படிப்பு?" என்றார் அம்மா. நான் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, வேலையில் அடிபட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்ற இடத்தைக் காட்டினேன். அவர் பையனின் காலைப் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போடச் சொன்னார்.

மேஸ்திரியும் பையனும்

சேர்ந்த முதல் வாரம் மேஸ்திரி அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முப்பது வருட அனுபவம் அவருக்கு. பள்ளிக்கூடத்தில் கட்டடம் கற்றேன் என்று ஒரு பையன் வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மூன்றாம் நாள் கம்பி லாரி வந்து நின்றபோது சோதித்துப் பார்த்தார்.

"டேய் தம்பி, 12 எம்.எம். ஒரு டன்னுக்கு எத்தன கம்பி?"

பையன் சிமென்ட் சாக்கின் மேல் பென்சிலால் எழுதினான். டி ஸ்கொயர் பை 162, டி என்றால் மில்லிமீட்டரில் கம்பியின் விட்டம். பன்னிரண்டு பன்னிரண்டு 144, அதை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.889 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர், அப்படியென்றால் 10.67 கிலோ. ஆயிரத்தை அதால் வகுத்து, "தொண்ணூத்தி நாலு வரும்ணே" என்றான். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆனது.

"தொண்ணூத்தி நாலுதான்" என்றார் மேஸ்திரி. அவர் எதையும் வகுக்கவில்லை. முப்பது வருடமாக எண்ணி இறக்கியவருக்கு அது மனப்பாடம். "சரி, பதினாறுக்கு?" என்று பையன் திருப்பிக் கேட்டிருந்தால் அதற்கும் சொல்லியிருப்பார். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. அன்று சாயங்காலம் அந்த சிமென்ட் சாக்குத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் பார்த்தேன்.

இரண்டாவது சம்பவம் ஜனவரியில். ஒரு வரிசைத் தூண்களுக்கு 9க்கு 12 அங்குல அளவு. நீளமான பக்கம் எந்தத் திசையில் வர வேண்டும் என்பது வரைபடத்தில் இருந்தது. கம்பி கட்டுகிற குழு நான்கு தூண்களுக்குச் சரியாக வைத்துவிட்டு, ஐந்தாவதைத் திருப்பி வைத்துவிட்டது. ரிங் எல்லாம் கட்டி முடித்தாயிற்று. மறுநாள் காலை பலகை அடிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றப் போன பையன் வரைபடத்தை விரித்துவைத்து நின்றுகொண்டே இருந்தான். பிறகு மேஸ்திரியிடம் வந்து, எல்லாருக்கும் முன்னால் சொல்லாமல், மெதுவாகச் சொன்னான். அந்த மெதுவாகச் சொன்னதற்காகவே அவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். பிளஸ் டூவில் 'வேலைவாய்ப்புத் திறன்கள்' என்று ஒரு பாடமே இருக்கிறது, ஆனால் இந்தப் பக்குவம் அதிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது அவன் அம்மாவிடமிருந்து வந்தது.

மேஸ்திரி போய்ப் பார்த்தார், கம்பியைப் பிரித்துத் திருப்பி வைக்கச் சொன்னார். பையனைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை தன் பையிலிருந்து ஒரு பழைய கொத்தனார் கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். முனை தேய்ந்து பாதியாகிப்போன கரண்டி. "வா, காம்பவுண்ட் சுவர்ல ஒரு வரி வையி" என்றார்.

அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் ஒரு ஏற்பாடு. காலையில் பையன் வரைபடத்தைப் படித்துச் சொல்வான். பிற்பகலில் மேஸ்திரி கை வேலை சொல்லித்தருவார். நாங்கள் போட்டுக்கொடுத்த பயிற்சித் திட்டத்தில் இது இல்லை. அதில் இருந்ததெல்லாம் இத்தனை மாதம் அளவீடு, இத்தனை மாதம் கான்கிரீட், இத்தனை மாதம் தரச் சோதனை என்ற பட்டியல். அவையும் நடந்தன. 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கனசதுரங்களை வார்த்து, தேதி எழுதி, தண்ணீரில் போட்டு, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதனைக்கு அனுப்பும் பொறுப்பு முழுக்க அவனுடையதாக இருந்தது, ஒருநாளும் தவறவில்லை. ஆனால் தொழில் கையில் ஏறியது அந்த ஏற்பாட்டில்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

தவறும் செய்தான். அவன் தனியாக வைத்த முதல் இரண்டு வரி செங்கல்லை மேஸ்திரி காலால் லேசாகத் தட்டினார், மூன்று கல் கையோடு வந்துவிட்டது. செங்கல்லை நனைக்காமல் வைத்திருக்கிறான். காய்ந்த கல், கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமென்ட் பிடிக்காது. புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியும் இருக்கிறான். ஆனால் அவன் கைக்குத் தெரிந்தது களிமண் சுவர் மட்டும். நனைக்காத கல்லை வைத்தாலும் சாயங்காலம் பிரிக்கப்போகிற சுவருக்கு அது ஒரு குறையே இல்லை. பள்ளிக்கு வருடம் பத்து மூட்டை சிமென்ட் கொடுத்திருந்தால் இந்தத் தவறு பதினாறு வயதிலேயே நடந்து முடிந்திருக்கும். எனக்கு இதில் கோபமே உண்டு. பாடத்திட்டம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பிள்ளை இருக்கிறான். பத்து மூட்டை சிமென்ட் இல்லை.

வேறு வழிகள்

பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. போவது பலருக்கு இதைவிட நேரான வழி. கொத்தனார் வேலை, பிளம்பர் இரண்டும் ஒரு வருடம். எலெக்ட்ரீஷியன், கட்டடப் பட வரைவாளர் இரண்டு வருடம். கைப்பயிற்சி நேரம் அங்கே பள்ளியைவிட அதிகம். எல் அண்ட் டி 1995இலிருந்து நடத்தும் கட்டுமானப் பயிற்சி நிலையம் போன்றவையும் உண்டு. பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவருக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரும் வாய்ப்பு இருக்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரியாது, சொல்லிவிடுங்கள்.

எந்த வழியில் வந்தாலும் முதல் நாள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா, அதன் எண் என்ன? "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அந்த அடுத்த மாதம் வரும்வரை வீட்டிலேயே இருக்கலாம். இதைக் கடுமையாகச் சொல்வதாகத் தோன்றலாம். அந்த ஆணியும் ஒன்பது நாளும் எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா

இந்தக் கதையில் அவன் அம்மாவை ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சித்தாள். கலவை போடும்போது தண்ணீர் எவ்வளவு என்று அளந்து ஊற்றியதில்லை, கையில் எடுத்து ஒரு உருட்டு உருட்டிப் பார்ப்பார். எங்கள் தளத்தில் எந்தக் கொத்தனாரும் அவர் குழைத்த கலவையைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் கரண்டி அவர் கைக்கு வந்ததே இல்லை. ஆண் பிள்ளை சித்தாளாக வந்தால் ஐந்தாறு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். பெண் சித்தாளாக வந்தால் சும்மாடு கட்டிய தலையோடே வயதாகிவிடுகிறது. கூலியும் அதற்கேற்ப. மகனுக்கு ஒரு வருடத்தில் திறந்த கதவு அவருக்கு இருபத்திரண்டு வருடமாகச் சாத்தியே இருக்கிறது. இந்தப் பயிற்சித் திட்டங்களில் எதுவும் அவரை நினைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

2024 நவம்பரில் பையனின் பயிற்சி முடிந்தது. இப்போது எங்களிடமே தள உதவியாளராக இருக்கிறான், பாலிடெக்னிக் விண்ணப்பத்தையும் வாங்கி வைத்திருக்கிறான். பயிற்சி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு, காம்பவுண்டின் கிழக்கு மூலையில் பத்தடி நீளத்துக்கு ஒரு பகுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவன் ஒருவனே கட்டினான். மேஸ்திரி நூல் கட்டிக்கொடுத்ததோடு சரி. மறுநாள் காலை, வேலைக்கு முன்னால், அம்மாவைக் கூட்டிவந்து காட்டினான்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சுவரை ஒட்டி நடந்தார், உள்ளங்கையால் தடவிக்கொண்டே. பாதி தூரம் போய் நின்று, இரண்டு கல்லுக்கு நடுவில் இருந்த நெட்டு இடுக்கில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"இங்க கலவை இறங்கல பாரு" என்றார்.

அவன் போய்க் கரண்டியை எடுத்துவந்தான்.